முக்கால் மைல் மோட்டர்வே: ஒரு வீதியின் பதவியிறக்கம் பற்றிய சில குறிப்புகள்

மேற்கு லண்டனில், ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து வைட் சிட்டி வரை, முக்கால் மைல் நீளமான ஒரு மோட்டர்வே இருந்தது. கிலோமீற்றரில் சொன்னால் 1.2. அதன் பெயர் எம்-41. 1970-இல் திறந்தார்கள். 2000-இல் அது மோட்டர்வே என்ற தகுதியை இழந்து, ஏ-3220 என்ற சாதாரண வீதியின் ஒரு துண்டாகியது. நீலப் பலகைகள் போயின. கொங்கிரீட் அப்படியே இருக்கிறது. வீதிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் (இங்கிலாந்தில் வீதிப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை) இந்த முப்பது வருடத்தை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்: திறந்த ஆண்டு, இலக்கம் மாறிய ஆண்டு. இரண்டு வரிக்கும் நடுவில் ஆட்கள் எவரும் இல்லை.

1990 தொடக்கம் நான் இந்த வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அறையில் இருந்தேன். ஓர் அறையில் மூன்று பேர். இரவு வேலை பெற்றோல் நிலையத்தில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குவது, சிகரட் கொடுப்பது, குடித்துவிட்டு வருகிறவனின் பேச்சைக் கேட்பது. பெற்றோல் அடித்த கார்களில் பாதி நேரே எம்-41-இல் ஏறும். எனக்கு அந்த வீதியில் ஏற அனுமதியில்லை. மோட்டர்வேயில் நடந்து போகக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான சட்டம். அதற்கு மேல், என்னிடம் இருந்தது பயிலுநருக்கான தற்காலிக லைசென்ஸ். எல் போட் போட்டவன் மோட்டர்வேயில் கார் ஓட்டக்கூடாது. (2018-இல்தான் இந்தத் தடையைத் தளர்த்தினார்கள், அதுவும் பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.) அதே மேசை லாச்சியில் இன்னொரு தற்காலிகமும் கிடந்தது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நாட்டில் நிற்கலாம் என்று உள்துறை அமைச்சு தந்த கடுதாசி. அதன் தலைப்பும் 'தற்காலிக அனுமதி' என்பதுதான். இரண்டு தற்காலிகங்களோடும் வருசக்கணக்காக அந்த வீதியின் இரைச்சலுக்குள் படுத்து எழும்பினேன். பகலில் நித்திரை கொள்கிறவனுக்கு வீதியின் சத்தம் பற்றி நிறையத் தெரியும்.

ஆகவே இது ஒரு வீதியைப் பற்றி அதில் போகாதவன் எழுதும் குறிப்பு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மோட்டர்வே ஏன் முக்கால் மைலில் முடிகிறது என்பது. வைட் சிட்டி மேல்சுற்றுவட்டத்தின் வடக்குப் பக்கத்தில் இரண்டு கொங்கிரீட் மொட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டின கை மாதிரி. எங்களோடு அறையில் இருந்த அண்ணை ஒருவர் ஊரில் கட்டட ஓவசியராக வேலை செய்தவர். அவர்தான் முதலில் காட்டினார். "தம்பி, இது முடிஞ்ச வேலையில்லை. அங்காலை போக இருந்தது."

எங்கே போக இருந்தது? இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1943-இலும் 1944-இலும் பட்ரிக் அபர்க்ரோம்பி வகுத்த லண்டன் திட்டங்களில் நகரைச் சுற்றி வளைய வீதிகள் கீறப்பட்டிருந்தன. ஜி.எல்.சி. எனப்பட்ட பெரிய லண்டன் மாநகரசபை 1965-இல் உருவானதும் அந்தக் கோடுகளுக்கு உயிர் வந்தது. நகரைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக 'றிங்வே' என்ற மோட்டர்வே வளையங்கள். உள்வளையத்துக்கு 'மோட்டர்வே பெட்டி' என்று பெயர். பெட்டியின் மேற்குப் பக்கச் சட்டம்தான் எங்கள் எம்-41. வடக்கே வில்ஸ்டன் பக்கமும், தெற்கே ஏர்ள்ஸ் கோர்ட், செல்சி வழியாகத் தேம்ஸைக் கடந்து பற்றர்சீக்கும் போயிருக்க வேண்டும். ரெயில் பாதை ஓரமாகவே பெரும்பாலும் வரைந்திருந்தார்கள். பொறியியலாளருக்கு அது வசதியான கோடு. ரெயில் பாதை ஓரத்தில்தான் வாடகை குறைவு, வாடகை குறைந்த இடத்தில் யார் இருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நோர்த் கென்சிங்டனில் இருந்தவர்கள் யார்? 1950-களில் கரீபியனிலிருந்து வந்தவர்கள், ஐரிஷ்காரர், பழைய வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள். கறுப்பருக்கு வேறெங்கும் வீடு கொடுக்காத காலத்தில் பீற்றர் ராக்மன் போன்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் ஓர் அறையைக் கொள்ளை வாடகைக்கு விட்ட தெருக்கள் இவை. 1958 ஓகஸ்ட் கடைசியில் வெள்ளைக் காடையர் கறுப்பரை வேட்டையாடியது இங்கே. 1959 மே மாதம் அன்ரிகுவாவிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி கெல்சோ கொக்ரேன் குத்திக் கொல்லப்பட்டது இங்கே. இந்தத் தெருக்களுக்கு மேலால்தான் 1960-களின் நடுவில் வெஸ்ட்வே என்ற இரண்டரை மைல் உயர்வீதியைப் பாடிங்டன் வரை கொண்டுபோனார்கள். எம்-41 அதோடு ஒட்டின கிளை. லற்றிமர் றோட் என்ற தெருவை நடுவால் அறுத்தார்கள். வடக்குத் துண்டு பழைய பெயரோடு தங்கியது, தெற்குத் துண்டுக்குப் பிரெஸ்டன் றோட் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

1970 ஜூலை 28 திறப்பு விழா. வந்தவர்களில் ஒருவர் போக்குவரத்து அமைச்சின் இளைய பொறுப்பில் இருந்த மைக்கேல் ஹெசல்ரைன், பின்னாளில் தாட்சரைக் கவிழ்க்கப் போட்டியிட்டவர். அக்லம் றோட் வீடுகளின் மேல்மாடிச் சன்னல்களுக்கும் கார்களுக்கும் இடையில் சில அடி தூரம்தான். அந்தச் சனம் வீடுகளின் முகப்பில் பெரிய பதாகை கட்டியிருந்தது: இந்த நரகத்திலிருந்து எங்களை எடுங்கள், இப்போதே வேறு வீடு தாருங்கள் என்று. அமைச்சர்கள் நாடா வெட்டும் படமும் இந்தப் பதாகையின் படமும் ஒரே நாளுக்குரியவை. பன்னிரண்டு நாள் கழித்து, ஓகஸ்ட் 9, ஓல் செயின்ற்ஸ் றோட்டிலிருந்த மங்குறோவ் உணவகத்தைப் பொலிஸ் திரும்பத் திரும்பச் சோதனையிட்டதை எதிர்த்து நூற்றைம்பது பேரளவில் ஊர்வலம் போனார்கள். ஃபிராங்க் கிறிச்லோ, டார்கஸ் ஹோவ், ஒல்தியா ஜோன்ஸ்-லெகொயின்ற் உட்பட ஒன்பது பேர் மீது வழக்கு. மறு வருடம் 55 நாள் விசாரணை. கலவரம் செய்யத் தூண்டியதாகச் சுமத்திய பிரதான குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. நகரத் திட்டமிடலின் வரலாற்றில் முதலாவதைப் படிப்பிக்கிறார்கள், இன உறவுகளின் வரலாற்றில் இரண்டாவதை. நடந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடத் தூரம்.

றிங்வேக்கு என்ன நடந்தது? வெஸ்ட்வேயைக் கண்ணால் கண்டபிறகு மற்றப் பகுதிச் சனம் பயந்துவிட்டது. 'வீதிகளுக்கு முன் வீடுகள்' என்ற பெயரில் 1970 மாநகரசபைத் தேர்தலில் வேட்பாளர்கள் நின்றார்கள். ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. லண்டன் வளர்ச்சித் திட்டத்தை விசாரித்த லேஃபீல்ட் குழுவுக்கு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபனைகள் போயின. அந்தக் குழு 1973 தொடக்கத்தில் தந்த அறிக்கை உள்வளையத்தைக் கட்டலாம் என்றே சொன்னது. ஆனால் அந்த ஏப்ரலில் தொழிற்கட்சி ஜி.எல்.சி.யைக் கைப்பற்றியதும் முழுத் திட்டத்தையும் கைவிட்டது. அதே வருடம் பாராளுமன்றம் நிறைவேற்றிய காணி நட்டஈட்டுச் சட்டம், வீடு இடிபடாவிட்டாலும் புதிய வீதியின் சத்தத்தாலும் புகையாலும் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க வழி செய்தது. அக்லம் றோட்டின் பதாகை இல்லாமல் அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

இதை மக்களின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். வெற்றிதான், மறுக்கவில்லை. எம்-41 முக்கால் மைலோடு நிற்பதற்கு அந்த வெற்றிதான் காரணம். ஆனால் கட்டின துண்டுகள் எங்கே, கட்டாத துண்டுகள் எங்கே என்று ஒரு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கட்டியது மேற்கே நோர்த் கென்சிங்டனின் ஓரத்தில், கிழக்கே ஹக்னி விக், போ, பொப்லர் பக்கத்தில். தப்பியதில் ஹம்ஸ்ரெட், பிளாக்ஹீத், செல்சி. பிறிக்ஸ்டனும் தப்பியது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அங்கே வரவிருந்த மோட்டர்வேயின் சத்தத்தைத் தடுக்கவென்று சின்னச் சின்னச் சன்னல்களோடு திட்டமிட்ட சவுத்விக் ஹவுஸ் என்ற நீண்ட தொடர்மாடி, வராத வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்றும் நிற்கிறது. ஆனாலும் வரிசை முக்கியம். எதிர்க்க வலுவில்லாதவனின் வாசலில் முதலில் கட்டினார்கள், அதைப் பார்த்து வலுவுள்ளவன் எச்சரிக்கையானான். ஒருவரின் தோல்வி இன்னொருவரின் வெற்றிக்கு ஆதாரப் படமாகியது. எதிர்ப்பு இயக்கங்களின் வரலாற்றில் இந்தக் கணக்கை நாங்கள் அதிகம் பார்ப்பதில்லை.

வெளி என்பது இயற்கையாகக் கிடப்பதல்ல, சமூகம் உற்பத்தி செய்வது என்று ஆன்றி லெஃபெவ்ர் 1974-இல் எழுதினார். ஆங்கிலத்தில் அந்த நூல் 1991-இல்தான் வந்தது, எங்கள் சிறுபத்திரிகைகளில் அதற்கும் பிறகு. மார்க் ஒஜே என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் விமான நிலையம், மோட்டர்வே, சுப்பர்மார்க்கற் இவற்றை 'இடமற்ற இடங்கள்' என்றார். உறவோ வரலாறோ இல்லாத கடந்துபோகும் வெளிகளாம். வாசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: யாருக்கு? மேலே அறுபது மைல் வேகத்தில் போகிறவனுக்கு அது இடமற்ற இடம். கீழே நிற்கிறவனுக்கு?

கீழே நிறைய இருந்தது. வெஸ்ட்வேக்குக் கீழே 23 ஏக்கர் நிலம் மிஞ்சியது. கார் நிறுத்துமிடமாக்கப் பார்த்தார்கள். சனம் விடவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட இடம், நேர்சறி, கூட்ட மண்டபம் வேண்டும் என்று போராடி, 1971-இல் நோர்த் கென்சிங்டன் அமெனிற்றி ட்ரஸ்ட் என்ற அமைப்பு உருவாகியது. போராடி வாங்கின நிலம் போராடினவர் கையில் இருந்ததா என்பது வேறு கதை. அந்த ட்ரஸ்டின் ஐம்பது வருடத்தை ஆராய்ந்து 2020-இல் வந்த அறிக்கை, அது நிறுவனரீதியில் இனவாதமாக நடந்திருக்கிறது என்று முடிவு சொன்னது. அதன் நிர்வாகமே ஒழுங்கு செய்த ஆய்வு அது.

சுற்றுவட்டத்தின் அடியில் ஸ்டேபிள் வே. 1970-களிலிருந்து ஐரிஷ் நாடோடிக் குடும்பங்கள் கரவன்களில் வாழும் இடம். உத்தியோகபூர்வமாக ஒதுக்கின இடந்தான். நகரத்தில் வேறெதற்கும் உதவாத நிலத்தை நாடோடிகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஜே.ஜி. பலார்ட் 1974-இல் 'கொங்கிரீட் ஐலண்ட்' என்ற நாவல் எழுதினார். ஒரு கட்டடக் கலைஞனின் கார், வெஸ்ட்வே சந்திப்புக்குப் பக்கத்தில் தடம் புரண்டு, வீதிகளுக்கு நடுவிலுள்ள தரிசுத் தீவில் விழுகிறது. அவன் வெளியேற முடியாமல் அங்கேயே கிடக்கிறான். நல்ல நாவல், சந்தேகமில்லை. ஆனால் வசதியான மனிதன் ஒருவன் தற்செயலாக விழுந்தால்தான் அந்த இடம் இலக்கியத்துக்குள் வருகிறது. விபத்தில்லாமல், சபையின் அனுமதிக் கடிதத்தோடு அங்கே வாழ்கிற குடும்பங்கள் இலக்கியத்துக்கு வரவில்லை.

பிறகு பிரெஸ்டன் றோட். அறுபட்ட லற்றிமர் றோட்டின் தெற்குத் துண்டு. ஜி.எல்.சி. இடிக்க விட்டிருந்த வீடுகளில் குடியேறியிருந்த நூற்றிருபது பேரளவிலானவர்களை வெளியேற்ற வந்தபோது, அவர்கள் 1977 ஒக்டோபர் 31 அன்று பிரெஸ்டோனியா என்ற சுதந்திரக் குடியரசைப் பிரகடனம் செய்து ஐ.நா.வுக்குக் கடிதம் போட்டார்கள். ஒரே குடும்பம் என்றால் ஒன்றாகத்தான் வீடு தர வேண்டும் என்பதால் எல்லோரும் 'பிராம்லி' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பகிடிதான். ஆனால் பகிடி பலித்தது. வீடமைப்பு அமைப்பு ஒன்றோடு பேசி அதே இடத்தில் கூட்டுறவு வீடுகள் எழுந்தன. ஒரு நாட்டைப் பிரகடனம் செய்தால் என்ன நடக்கும் என்பதை வேறு விதமாக அறிந்திருந்த எனக்கு, இந்தக் கதையை முதல் தரம் கேட்டபோது சிரிப்பு உடனே வரவில்லை.

1996 ஜூலை 13, சனிக்கிழமை. இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். பின்னேரம் எழும்பினபோது ஏதோ வித்தியாசம். சிறிது நேரம் கழித்துத்தான் விளங்கியது, கார்ச் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக மேளம் மாதிரி ஒரு அடி. அண்ணை சன்னலடியில் நின்றார். "றோட்டைப் பிடிச்சிட்டாங்கள்" என்றார்.

'ரீக்ளெயிம் த ஸ்ட்ரீட்ஸ்', தெருக்களை மீட்போம் என்ற இயக்கம். கிழக்கு லண்டனில் எம்-11 இணைப்பு வீதிக்காகக் கிளெயார்மொண்ட் றோட் என்ற தெருவை இடித்தபோது, மரத்திலும் கூரையிலும் ஏறியிருந்து 1994 கடைசிவரை தடுத்தவர்கள் இதன் முதுகெலும்பு. அந்த வருடம் வந்த குற்றவியல் நீதிச் சட்டம் திறந்த வெளியில் இசை போட்டு ஆடுவதையே பொலிஸ் கலைக்கக்கூடிய விசயமாக்கியது. அதனால் சூழலியல்காரரும் றேவ் இளைஞரும் ஒன்றானார்கள். 1995-இல் காம்டனிலும் இஸ்லிங்டனிலும் கடைத்தெருக்களை மறித்துக் கொண்டாடினார்கள். 1996-இல் மோட்டர்வே. லிவர்பூல் ஸ்ட்ரீற் ஸ்டேசனில் கூடி, எங்கே போகிறோம் என்று பலருக்கும் தெரியாமலே சென்ட்ரல் லைனில் ஏறி ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இறங்கி, பொலிஸ் வரிசையைத் தாண்டி வீதிக்குள் ஏழெட்டாயிரம் பேர் புகுந்துவிட்டார்கள்.

நானும் போனேன். அண்ணை வந்து ஓரத்தில் நின்றார். ஆறு வருசம் சத்தமாக மட்டும் தெரிந்த வீதியில் முதல் தரம் கால் வைத்தேன். தார் சூடாக இருந்தது. எதிர்பார்த்ததைவிட அகலம். மோட்டர்வே எவ்வளவு அகலம் என்பது காருக்குள் இருக்கிறவனுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஓடினார்கள். கட்டைக்கால்களில் ஏறிய பெரிய உருவங்கள், பத்துப் பேர் உள்ளே நிற்கலாம் போன்ற வட்டப் பாவாடையோடு மெல்ல நகர்ந்தன. அந்தப் பாவாடைகளுக்குக் கீழே இருந்தபடி சிலர் இயந்திர உளிகளால் தாரைக் குடைந்து குழி தோண்டினார்கள், கிளெயார்மொண்ட் றோட் பக்கம் இடிபட்ட தோட்டங்களிலிருந்து காப்பாற்றிய மரக்கன்றுகளை அந்தக் குழிகளில் நட்டார்கள், உளிச் சத்தம் வெளியே கேட்காமல் இசையைக் கூட்டினார்கள் என்பதெல்லாம் பிறகு வாசித்து அறிந்தது. நான் பார்த்தது பாவாடையை மட்டும். நான் பார்த்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் அதற்கு முன்னரே வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு காரணம். ஒன்று, அவ்வளவு சனம் ஒரு வீதியில் நிரம்பி நிற்கிற காட்சி. எட்டரை மாதத்துக்கு முன், 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது செம்மணி, நாவற்குழி வீதியில் அம்மாவும் போனவ. இரண்டு மூன்று மைலைக் கடக்க விடியும்வரை சென்றது என்று, கன காலம் கழித்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தா. மழை, இருட்டு, முன்னாலும் பின்னாலும் சனம். வீதி நிரம்பினது என்றால் எனக்கு அது. இங்கே வீதி நிரம்பினதற்கு ஆடுகிறார்கள். அவர்களில் பிழை சொல்லவில்லை. என்னால் ஆட முடியவில்லை, அவ்வளவுதான்.

மற்றது அண்ணை. "தம்பி, பொலிஸ் வீடியோ எடுக்கிறான். ஃபைல் உள்ளுக்குக் கிடக்கு. வா போவம்." நீலப் பலகையின் கீழே நடந்து போனதே குற்றம். அந்த வெள்ளைப் பெடியனுக்குக் கைது என்றால் ஓர் இரவு சிறைக்கூடு, ஒரு தண்டப்பணம், நண்பர்களுக்குச் சொல்ல ஒரு கதை. எங்களுக்கு அது ஃபைலில் ஒரு தாள். பதினொரு நாள் கழித்து, ஜூலை 24, புதிய அகதி, குடிவரவுச் சட்டம் அமுலுக்கான ஒப்புதல் பெற்றது. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை. உள்நாட்டில் வந்து விண்ணப்பித்தவருக்கு உதவிப்பணம் இல்லை. அரைமணி நேரத்தில் அறைக்குத் திரும்பியது கோழைத்தனமா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். கோழைத்தனந்தான். ஆனால் சட்டமீறலை ஓர் அரசியல் வடிவமாக முன்வைக்கும் இயக்கங்கள், சட்டத்துக்கு முன் எல்லோர் உடம்பும் ஒரே விலை என்று நினைத்துக்கொள்கின்றனவா என்ற கேள்வியும் அன்றுதான் வந்தது. அந்த இயக்கம் பின்னர் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரோடும் சுரங்க ரெயில் ஊழியரோடும் சேர்ந்து நின்றது. அதை மறக்கக்கூடாது.

பெற்றோல் நிலையத்துக்கு விடியப்புறம் பால் வாங்க ஒரு டிரினிடாட் அம்மா வருவா. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. என்னை 'மகன்' என்றுதான் கூப்பிடுவா. அறுபதுகளிலிருந்து அந்தப் பக்கம் இருந்தவ. வெஸ்ட்வே கட்டுகிற நாட்களில் தூண் இறக்கும் அதிர்வில் கோப்பைகள் றாக்கையிலிருந்து நடந்து விழும் என்று சொல்லியிருக்கிறா. கொண்டாட்டம் நடந்த மறுகிழமை அதைப் பற்றிக் கேட்டேன். "நல்லது, ஆடட்டும். நாங்களும் வருசம் வருசம் அதுக்குக் கீழே ஆடுறம்தானே. எங்களுக்கு எத்தனை பொலிஸ் வாறான் எண்டு ஓகஸ்ட்டிலை வந்து எண்ணிப் பார்" என்றா.

அவ சொன்னது கார்னிவல். 1958-இன் வெறியாட்டத்துக்குப் பதிலாகக் கிளோடியா ஜோன்ஸ் 1959-இல் மண்டபத்துக்குள் தொடங்கியது, 1966-இல் றோன் லாஸ்லெற்றின் தெருவிழாவோடு வெளியே வந்தது. 1976-இல் மூவாயிரம் பொலிஸைக் கொண்டுவந்து இறக்கினார்கள், அந்த வருடம் போர்ட்டபெல்லோ றோட்டிலும் வெஸ்ட்வேயின் கீழும் நடந்தது மோதல். தெருவை மீட்பது என்ற செயலை இந்தச் சனம் முப்பது வருடமாக, அப்படி ஒரு பெயர் வைக்காமல், செய்துகொண்டிருந்தது. 1996 பற்றி வந்த கட்டுரைகள் பாரிஸ் 1968-ஐயும் கீ டெபோரையும் முன்னோடிகளாகச் சொல்கின்றன. பக்கத்திலேயே இருந்த முன்னோடியைச் சொன்னவை குறைவு.

இனிப் பதவியிறக்கம். ஜி.எல்.சி.யை 1986-இல் தாட்சர் ஒழித்தார். அது பெற்ற மோட்டர்வேக்கள் மத்திய அரசின் கைக்குப் போயின. 2000-இல் லண்டனுக்கு மேயரும் புதிய ஆட்சியமைப்பும் வந்தபோது, நகருக்குள் இருந்த பிரதான வீதிகள் 'ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன்' என்ற புதிய நிறுவனத்திடம் மாறின. எம்-1, எம்-4 போன்ற பெரிய மோட்டர்வேக்களைத் தேசிய நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. உள்ளே கிடந்த குட்டித் துண்டுகளான எம்-41, ஏ-40(எம்) என்ற வெஸ்ட்வே, கிழக்கே ஏ-102(எம்) ஆகியவை நகரத்திடம் வந்தபோது மோட்டர்வே தகுதியை இழந்தன. அவ்வளவுதான். அக்லம் றோட்டுக்காரர் கேட்டதாலோ மரம் நட்டவர்கள் கேட்டதாலோ நடந்ததில்லை. நிர்வாக எல்லை மாறினது, எழுத்து மாறினது. ஒரு நாள் நீலப் பலகை இல்லை என்பதை நான் பஸ்ஸிலிருந்து கவனித்தேன். அறையில் சொன்னேன். அண்ணை, "பேரை மாத்தினா வெள்ளாப்பு வராது" என்றார்.

எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு லைசென்ஸ் எடுத்தேன். அந்த வீதியில் முதல் தரம் கார் ஓட்டினபோது அது மோட்டர்வேயாக இருக்கவில்லை. எல் போட்டோடும் ஓடியிருக்கலாம். முக்கால் மைலும் முடிய ஒரு நிமிடம் ஆகவில்லை.

இலக்கம் மாறியதால் ஒன்றும் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. சாதாரண வீதியில் நடுவில் சந்திப்பு வைக்கலாம். 2008 ஒக்டோபரில் பக்கத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற பெரும் கடைத்தொகுதி திறந்தபோது, அதன் கார்த் தரிப்பிடத்துக்கு நேரே இறங்க அந்த வீதியில் வழி வெட்டினார்கள். 1970-இல் சனத்துக்காக ஒரு சன்னல்கூட நகராத கொங்கிரீட் கடைக்காக வழிவிட்டது. போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது வெஸ்ட்வேக்கு மேலே சைக்கிள் பாதை போடத் திட்டமிட்டார்கள். சாதிக் கான் வந்த பிறகு அது கைவிடப்பட்டது.

2017 ஜூன் 14 விடியப்புறம் கிரென்ஃபெல் மாடி எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். வெஸ்ட்வேயின் தெற்கே, பழைய தெருக்களை இடித்து 1970-களில் எழுப்பிய லங்காஸ்டர் வெஸ்ட் தொகுதியின் ஒரு கட்டடம். 1974-இல் கட்டி முடித்தது. அழகுபடுத்தவென்று சுற்றி ஒட்டின எரியக்கூடிய பலகைகள்தான் தீயை மேலே கொண்டுபோயின. அப்போது நான் வேறிடத்தில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனேன். வெஸ்ட்வேயின் கீழே தூண்களுக்கு இடையில் தண்ணீர்ப் போத்தல், உடுப்பு, சாப்பாடு, காணாமல் போனவர்களின் படங்கள். அரசாங்கத்துக்கு முன்னர் அங்கே வந்து நின்றது அக்கம்பக்கச் சனம். மேலே கார்கள் போய்க்கொண்டிருந்தன. டிரினிடாட் அம்மாவைத் தேடினேன். அவ 2011-இல் மோசம் போய்விட்டா என்று ஒருவர் சொன்னார்.

அந்தப் பக்கத்துச் சுரங்க ரெயில் ஸ்டேசனின் பெயர் லற்றிமர் றோட். அது நிற்பது பிராம்லி றோட்டில். லற்றிமர் றோட்டின் எந்தத் துண்டும் அந்த வாசலில் இல்லை. விலாசத்தை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்றும் வாசலில் நின்று முழிப்பார்கள். அன்றும் ஒரு பெடியன், எரித்திரியனாக இருக்க வேணும், கையில் கடுதாசியோடு என்னிடம் கேட்டான். வெஸ்ட்வேக்குக் கீழால் போய் வடக்கே நட, முந்தி இது ஒரே தெரு, நடுவில் வெட்டிப்போட்டார்கள் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனோடு கொஞ்சத் தூரம் நடந்தேன்.